கேள்வி – பதில்: பதிவேடு யாருடைய கையில்?

கேள்வி: ஐயா, எங்கள் வாசகர் வட்டத்தில் ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலைப் படித்தோம். சோவியத் ரஷ்யாவைச் சாடுவதற்காக எழுதப்பட்ட பழைய கதை, அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், தர்மபுரம்

பதில்: ஸ்டாலினின் ஆட்சி அந்த நாவலுக்கு நிறையவே தீனி போட்டது உண்மைதான். ஆனால் கதை நடப்பது மொஸ்கோவில் அல்ல, லண்டனில். 1949 ஜூனில் நூல் வெளிவந்த பிறகு, இதைச் சோசலிசத்தின் மீதான தாக்குதலாகக் கொள்ள வேண்டாம் என்றும், எதிர்த்து நிற்காவிட்டால் இப்படிப்பட்ட ஆட்சி எந்த நாட்டிலும் வரலாம் என்றும் ஓர்வெல்லே விளக்கம் கொடுத்தார். பீகாரின் மோத்திஹாரியில் பிறந்து, பர்மாவில் ஆங்கிலேயரின் பொலிஸில் கடமையாற்றி, இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிபிசியில் இருந்து இந்தியாவுக்கு ஒலிபரப்புகள் தயாரித்த மனிதர் அவர். ஆளுகிறவர்களின் அலுவலகம் எப்படி இயங்கும் என்பதை அறிய அவர் ரஷ்யாவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சுவரில் இருந்து கண்காணிக்கும் தொலைத்திரையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட அச்சந்தருவது கதாநாயகன் வின்ஸ்ரன் சிமித்தின் எழுதுமேசை. அவன் சித்திரவதை செய்கிறவன் அல்லன். 'உண்மை அமைச்சு' என்ற பெயர் கொண்ட அலுவலகத்தில் பழைய பத்திரிகைகளைத் திருத்தும் ஒரு சாதாரண எழுதுவினைஞன். சொக்கலேட் பங்கீடு குறையாது என்று அரசு முன்பு கொடுத்த வாக்குறுதியை, குறைய நேரலாம் என்று எச்சரித்ததாக அவன் மாற்றி எழுதுகிறான். பங்கீடு 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைகிறது. அடுத்த நாளே, பங்கீட்டை 20 கிராமாக உயர்த்தியதற்கு மக்கள் ஊர்வலமாகச் சென்று நன்றி சொன்னார்கள் என்று தொலைத்திரை அறிவிக்கிறது. நேற்றைய கணக்கு எங்கும் இல்லாததால் மறுத்துப் பேச யாருக்கும் ஆதாரம் இல்லை.

வன்னியில் இருக்கும் எவருக்கும் இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. 2009இன் தொடக்கத்தில் யுத்த வலயத்துக்குள் இருந்த பொதுமக்கள் எழுபதாயிரம் பேர் அளவில்தான் என்று இலங்கை அரசாங்கம் சொன்னது. யுத்தம் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் தொகையோ 2,80,000ஐ எட்டியிருந்தது. சனத்தொகை வேண்டுமென்றே குறைத்துச் சொல்லப்பட்டது என்றும், உணவும் மருந்தும் அம்மக்களுக்குக் கிடைக்காமற் போனதோடு அதற்குத் தொடர்பு உண்டு என்றும் 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை கூறுகிறது. ஆகவே தாளில் இருக்கும் ஓர் இலக்கத்தை மாற்றுவது வெறும் எழுத்து வேலை அல்ல. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் போராட்டத்தில் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், தங்கள் பிள்ளைகளின் படங்களை இன்றும் கையில் ஏந்தி நிற்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்: அந்தப் படத்தைக் கீழே வைத்தால், பிள்ளை ஒருவன் இருந்தான் என்பதற்கே வேறு பதிவு இல்லாமல் போகலாம்.

இதில் கொழும்பை மட்டும் சுட்டிவிட்டு நாம் தப்பிக்கொள்ளவும் முடியாது. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் காலத்தில் வன்னியை விட்டு வெளியே போவதற்குப் பாஸ் எடுக்க வேண்டியிருந்ததையும், சில விடயங்களை அக்கம்பக்கம் பார்த்து மெதுவாகப் பேசியதையும் மறந்துவிட்டு இந்த நாவலைப் படிப்பது அரைகுறை வாசிப்பு. ஓர்வெல் எந்தக் கட்சிக்கும் விலக்கு அளிக்கவில்லை.

கேள்வி: இப்போது எல்லோருடைய கையிலும் இருக்கும் ஸ்மார்ட் போன்தானே அந்தத் தொலைத்திரை?
– உயர்தர மாணவி, கிளிநொச்சி

பதில்: பாதி சரி. நாவலில் ஆளும் கட்சியின் சாதாரண உறுப்பினர் தன் வீட்டுத் தொலைத்திரையை முற்றாக அணைக்க முடியாது. நீங்கள் போனை அணைக்கலாம். (அணைக்கிறோமா என்பது வேறு கதை.) போனைவிட நான் கவனிக்கச் சொல்வது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை. இணையத்தில் வெளியாகும் கூற்று பொய்யானதா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் அந்த நியமனத்துக்குத் தேவை என்பதையும் சொல்லவேண்டும். முகநூலில் வதந்தியும் அவதூறும் மலிந்திருப்பது எனக்கும் தெரியும். இருந்தும், உண்மையைத் தீர்மானிக்க ஓர் அலுவலகம் திறக்கப்படும்போது, அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களை யார் நியமித்தார்கள் என்று கேட்க இந்த நாவல் பழக்குகிறது.

கேள்வி: வாசித்து முடித்தபோது பயமே மிஞ்சியது. எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் என்ன செய்ய முடியும்?
– குடும்பத் தலைவி, முள்ளியவளை

பதில்: வின்ஸ்ரன் செய்த முதல் எதிர்ப்பு, ஒரு கொப்பி வாங்கி நாட்குறிப்பு எழுதியதுதான். ஆனால் அதை விற்ற கடைக்காரரே கடைசியில், கட்சிக்கு எதிராக நினைப்பவர்களைப் பிடிக்கும் சிந்தனைப் பொலிஸைச் சேர்ந்தவர் என்று தெரியவருகிறது. அவனிடம் இருந்தது ஒரே பிரதி. அதை ஒளித்து வைத்ததும் ஒரே இடத்தில்.

நம்மவர்கள் ஒவ்வோர் இடப்பெயர்விலும் காணி உறுதியையும் பெர்மிட்டையும் பிறப்புச் சான்றிதழ்களையும் சொப்பிங் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தப் பை எரிந்துபோனவர்கள், தங்கள் காணி தங்களுடையதுதான் என்று நிரூபிக்க எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார்கள் என்பதை உங்கள் ஊரிலேயே கேட்டறியலாம். அதனால் பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். பழைய படங்களின் பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் ஊரையும் பென்சிலால் எழுதுங்கள்; எந்த வருடம் எந்தப் பாதையால் போனோம் என்று வீட்டு முதியவர்கள் சொல்வதைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள்.

அரசாங்கத்திடம் இருக்கும் பதிவுக்கும் ஒரு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் குளத்தைத் திருத்த எவ்வளவு ஒதுக்கினார்கள், உங்கள் காணியை எந்த வர்த்தமானியின் கீழ் எடுத்தார்கள் என்று எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டதாக எழுத்துமூல உறுதியைத் தகவல் உத்தியோகத்தர் அப்போதே தரவேண்டும். அதை வாங்காமல் கந்தோர் வாசலை விட்டு இறங்காதீர்கள்.