கேள்வி - பதில்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் மண்டபம் காவடிக்கும் திருமணங்களுக்கும் மட்டுமே திறக்கிறது. மற்ற நாள்களில் அது ஊருக்கு எப்படிப் பயன்படும்?

பதில்: முதலில் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று பாருங்கள், ஒருவரிடம் மட்டும் என்றால் எந்தத் திட்டமும் நகராது. சனிக்கிழமை காலையில் கறிவேப்பிலைக் கன்றும் முருங்கைப் போத்தும் மாற்றிக்கொள்ளும் இடமாக மண்டபத்தை ஆக்கலாம். கன்றைக் கொடுக்கும் பாட்டியிடம் சமையல் பக்குவத்தைப் பேரப்பிள்ளைகள் கேட்டு, அவர் சொல்லும் தமிழ்ப் பெயர்களோடு எழுதி வைத்தால், 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களின் பேச்சில் கொஞ்சமாவது ஏட்டில் தங்கும். செலவுக்கு, நம் சீட்டைப் போலவே இந்நாட்டுக் கறுப்பின மக்கள் நடத்தும் ஸ்டாக்வெல் முறையில் மாதந்தோறும் சிறுதொகை சேருங்கள். ஜூலு அண்டைவீட்டாரையும் அழையுங்கள். கணக்குப் புத்தகம் எல்லோர் கண்ணிலும் படும்படி மண்டபத்திலேயே இருக்கட்டும்.