மலைமேல் ஒரு சிறிய கல்யாணம்

கேள்வி: இரு வீட்டாரும் சம்மதித்துவிட்டனர். கொடைக்கானலில் இருபது பேர் மட்டும் சூழ, திறந்தவெளியில், புரோகிதர் இல்லாமல் மணந்துகொள்ள விரும்புகிறோம். அது சட்டப்படி செல்லுமா? எந்த மாதம் ஏற்றது?

பதில்: செல்லும். மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால், இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினர் அல்லது நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் திருமணம் நிறைவேறிவிடும். புரோகிதரோ மண்டபமோ தேவையில்லை. ஒருவர் வேற்று மதத்தவராயின், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாட வேண்டும். அதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு என்பதால் தேதியை அவசரமாக அச்சிட்டுவிடாதீர்கள். எம்முறையில் மணந்தாலும், தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்வது கட்டாயம்.

ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும். ஏப்ரல், மே மாதங்களிலோ சுற்றுலாக் கூட்டத்தால் வண்டி நகராது. பிப்ரவரி, மார்ச் மாதங்களின் முற்பகலையே நான் பரிந்துரைப்பேன். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் புகைப்படத்தில் மாப்பிள்ளையைத் தேட வேண்டியிருக்கும். வனத்துறை நிலத்தில் அனுமதியின்றிப் பந்தலிட முடியாது. தனியார் தோட்டமோ விடுதிப் புல்வெளியோ போதும். வெளியூர் வாகனங்கள் ஒவ்வொன்றுக்கும் இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) எடுத்துவிடுங்கள். மழைக்கு ஒதுங்கக் கூரையுள்ள ஒரு கூடத்தையும், வயதானவர்களுக்குக் கம்பளியையும், இலைச் சாப்பாடு ஆறாமலிருக்க அருகிலேயே அடுப்பையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.