அகதிப் பையன் எரியும் வீட்டையே திரும்பத் திரும்ப வரைகிறான். கறுப்பு நிறத்துக்கு என்ன அர்த்தம்?

மலேசியாவில் செலாயாங் பக்கம் அகதிப் பிள்ளைகளின் கற்றல் மையத்தில் சனிக்கிழமைகளில் ஓவியம் சொல்லிக்கொடுப்பதாகவும், மியன்மாரிலிருந்து வந்த ஒன்பது வயதுப் பையன் எரியும் வீட்டைத் தவிர எதையும் வரைவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

கறுப்புக்குத் தனியாக ஓர் அர்த்தமும் கிடையாது. மலிவான தாளில் மஞ்சள் பாஸ்டல் சரியாக ஏறாது, கறுப்பு ஏறும். பாதி விஷயம் அதுதான். நிறத்தை வைத்து மனசைப் படிக்கும் முகநூல் பதிவுகளை ஒதுக்கிவிட்டு, அவன் ஆறேழு வாரமாக வரைந்ததைத் தேதிப்படி தரையில் பரப்பிப் பாருங்கள். வீடு அதே வீடாக இருந்தாலும் ஓர் ஆள், ஒரு வாளி, ஓடுவதற்கு ஒரு பாதை என்று ஏதாவது புதிதாக வந்திருந்தால் அவனை அவன் போக்கில் விடுங்கள். கோடுகூட மாறாமல் அதே படம், வரைந்து முடித்ததும் முகம் இறுகிப்போகிறது, ராத்திரியில் படுக்கையை நனைக்கிறான் என்று அம்மா சொல்கிறார் என்றால் கவலைப்பட வேண்டும். 1976இல் கலிபோர்னியாவில் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், ஆறுதலே தராமல் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டைத்தான் ஆபத்தின் அடையாளமாகச் சொன்னார்.

மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு. இந்தப் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியும் இல்லை, அங்கே இருக்கும் ஆலோசக ஆசிரியரும் இல்லை. அதனால் மையப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். யூஎன் கார்டு, அதாவது ஐ.நா. அகதிகள் ஆணையம் தரும் அடையாள அட்டை, இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கழியும். "ஓவிய ஆசிரியருக்கு எதற்கு இந்த வேலை" என்று யாராவது கேட்பார்கள். நான் சிகிச்சை செய்யச் சொல்லவில்லை, கெடுக்காமல் இருக்கும் வழியைச் சொல்கிறேன்.

ஓர் அறையில் ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள், ஒரு மணி நேரம். கதவுக்கு முதுகு காட்டி யாரையும் உட்கார வைக்காதீர்கள். முதல் சில வாரம் கலர் பென்சிலும் ஏ4 தாளும் போதும். பிறகு பாஸ்டல், அதன் பின் பிளாஸ்டிசின் என்ற காயாத விளையாட்டுக் களிமண், தண்ணீர் வண்ணம் கடைசியில். தண்ணீர் வண்ணம் தானாக ஓடிப் பரவும்; கை மீறிப்போகும் எதுவும் இவர்களைக் கலக்கிவிடும். அழிப்பானை எடுத்து வைத்துவிட்டு மாற்றுத் தாள் தாராளமாகக் கொடுங்கள், இல்லையென்றால் வகுப்பு முழுக்க அழித்துக்கொண்டே இருப்பார்கள். சிவப்பும் கறுப்பும் முதலில் தீரும், தனியாக வாங்கி வையுங்கள். சேர்ந்து வரைய மாஜோங் தாளை, அந்தப் பெரிய வெள்ளைத் தாளை, தரையில் ஒட்டலாம். ஆனால் ஒவ்வொருவருக்கும் மாஸ்கிங் டேப்பால் எல்லை போட்டுக் கொடுங்கள். ஒருவன் தீட்டும் தீ பக்கத்துப் பிள்ளையின் மரத்தில் ஏறினால் அன்றைய வகுப்பு முடிந்தது. தீபாவளிக்கு முன்பின் வெளியே பட்டாசு வெடிக்கும் நாட்களில் வரைதலைக் குறைத்து, மாவு பிசைவது போலப் பிளாஸ்டிசினை நன்றாகப் பிசைய விடுங்கள்.

"போரை வரை" என்று ஒருநாளும் கேட்காதீர்கள். "உனக்குப் பாதுகாப்பான இடத்தை வரை" என்பதும் அப்படித்தான். அப்படி இடமே இல்லாத பிள்ளை உறைந்துபோகும். மேசையில் ரம்புத்தான், செருப்பு, கெண்டி வைத்து வரையச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப்போரில் யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்த தெரேசின் முகாமில், அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஓவியர் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் கோட்டுப் பயிற்சியும் கண்முன் இருந்த பொருளும்தான் கொடுத்தார். 1944இல் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோகப்படும் முன் ஏறக்குறைய 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்தார். நம் பக்கத்தில் மட்டக்களப்பின் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் 1996 முதல் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் களிமண்ணும் வண்ணமும் கதையும் கொடுத்தார்கள். யாரும் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை.

அவனாகப் பேசினால் "இதைப் பத்திச் சொல்றியா?" என்ற ஒரு கேள்வி போதும். மொழிபெயர்க்க அக்காவையோ அம்மாவையோ உட்கார வைக்காதீர்கள். அவர்கள் அழக்கூடாது என்று பிள்ளை கதையையே மாற்றிவிடும்.

இன்னொன்று: நம் வண்ணம் தீட்டும் போட்டிகளில் இரண்டு மலை, நடுவில் சூரியன், கோட்டுக்கு வெளியே போனால் மதிப்பெண் குறைவு. அதில் பரிசு வாங்கி வளர்ந்த தொண்டூழியர்கள்தான் இங்கே வந்து "வானம் நீலமா இருக்கணும் கண்ணு" என்று பையனின் கையைப் பிடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

சூடானின் டார்ஃபூரில் போரைப் பார்த்த பிள்ளைகளின் படங்கள் 2007இல் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் வரை போயின. அதற்காக உங்கள் பையனின் படத்தை நன்கொடையாளர் நாட்காட்டியில் போடலாம் என்று ஆகாது. அவன் விரும்பும் பெயரில் கையெழுத்துப் போடட்டும். ஊர், முழுப்பெயர், யார் சுட்டார்கள் என்பதைப் பின்பக்கம் எழுதாதீர்கள். கோப்பு மையத்துப் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். நீங்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்தப்போகிறீர்கள் என்றால் மூன்று வாரம் முன்பே சொல்லிவிட்டு, எதை வீட்டுக்குக் கொண்டுபோவது, எதை விட்டுப்போவது என்று அவனையே பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.