ஃப்ரோஸ்டின் வெயில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மனின் 'சாடஸ்ட் அண்ட் டின்ஸல்' என்ற சர்க்கஸ் படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். தொடக்கத்தில் வரும் கடற்கரைக் காட்சி மட்டும் வெளுத்துப்போய், முகங்கள்கூடச் சரியாகத் தெரியாமல் இருக்கிறது. வாய்கள் அசைகின்றன, பேச்சு வரவில்லை. எனக்குக் கிடைத்த பிரதி பழுதானதா? உடன் பார்த்த நண்பர், கதையோடு ஒட்டாத அந்தப் பகுதியை வெட்டிவிட்டாலும் படம் நிற்கும் என்கிறார். இன்னொன்று, சர்க்கஸ் முதலாளி ஆல்பர்ட் தன்னை அடித்துப்போட்ட நடிகனை விட்டுவிட்டு, ஒன்றும் செய்யாத கரடியை ஏன் சுடுகிறான்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிரதியில் பழுதில்லை. 1953இல் ஸ்வீடனில் படம் வெளியானபோதும் அந்தக் காட்சி இப்படித்தான் வெளுத்திருந்தது. அது எப்படிச் செய்யப்பட்டது என்று பார்த்தால் உங்கள் நண்பருக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். அதனால் ஃபிலிமைக் கழுவி நகல் எடுக்கும் லேபிலிருந்தே தொடங்குகிறேன்.

படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஸ்வென் நைக்விஸ்டின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பெர்க்மனோடு அவர் வேலைசெய்த முதல் படம் இது. ஆனால் கடற்கரைக் காட்சி ஹில்டிங் பிளாத்துடைய வேலை. அவருக்குரிய பெயர் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

கேமராவில் பதிவான நெகட்டிவிலிருந்து ஒரு பிரிண்ட் போட்டார்கள். அந்தப் பிரிண்டிலிருந்து மறுபடியும் ஒரு நெகட்டிவ் எடுத்தார்கள், அதிலிருந்து மறுபடியும் பிரிண்ட். நடுவிலுள்ள சாம்பல் நிறங்கள் கரைந்து, கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும்வரை இப்படியே போனார்கள். நகலிலிருந்து நகல் எடுக்கும்போது கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு, கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டாம் சுற்றில் இரண்டேகால், மூன்றாம் சுற்றில் ஏறக்குறைய மூன்றரை. இது நடக்காமலிருக்கத்தான் நகல் எடுப்பதற்கென்றே கான்ட்ராஸ்ட் குறைந்த தனி ஃபிலிம்களை லேப்களில் வைத்திருப்பார்கள். எல்லோரும் தவிர்க்கப் பார்க்கும் கோளாறை இவர்கள் வேண்டி வரவழைத்தார்கள்.

நகல்மேல் நகல் போட்டால் படம் கிரெய்ன் கிரெய்னாக, துகள் துகளாக உடைந்து தெரிய வேண்டுமே என்று உங்களுக்குத் தோன்றலாம். சாதாரணமாக அப்படித்தான் ஆகும். ஆனால் கிரெய்ன் கண்ணில் படுவது சாம்பல் நிறப் பகுதிகளில்தான். முழு வெள்ளை விழும் இடம் வெறும் தெளிவான ஃபிலிம், முழுக் கறுப்பு விழும் இடம் வெள்ளி அடர்ந்த பரப்பு. இரண்டிலும் கிரெய்ன் தெரிய வழியில்லை. சாம்பல் போனபோது கிரெய்னும் கூடவே போய்விட்டது. சுண்ணாம்பாலும் கரியாலும் வரைந்ததுபோல் காட்சி நிற்பதற்குக் காரணம் இதுதான். இதற்குச் சுள்ளென்ற வெயிலும் தேவை. மேகம் மூடிய நாளில் எடுத்த நெகட்டிவில் பாறையும் தோலும் கடலும் ஏறக்குறைய ஒரே சாம்பலில் இருக்கும். கான்ட்ராஸ்டை ஏற்றினால் எல்லாம் மொத்தமாக வெள்ளைப் பக்கமோ கறுப்புப் பக்கமோ சாய்ந்துவிடும்.

இந்த வெளுப்பு கோமாளி ஃப்ரோஸ்டின் முகத்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். கோமாளி வேஷத்தின் வெள்ளைப் பூச்சோடே அவன் கடற்கரைக்கு ஓடி வருகிறான். ஏற்கெனவே வெள்ளையான முகம் வெள்ளை வானத்தோடு கலந்துவிடுகிறது. மிஞ்சுவது கண்கள் இருக்கும் இரண்டு பள்ளங்களும், கத்தத் திறந்த வாயின் கறுப்புக் குழியும். ஃப்ரோஸ்டாக வரும் ஆண்டர்ஸ் எக் நல்ல நடிகர். ஆனாலும் இந்தக் காட்சியில் அவர் நடிப்பில் பாதியை லேப் செய்திருக்கிறது.

உங்கள் டிவியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட், ஆட்டோ பிரைட்னஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள். வெள்ளை நிறைந்த காட்சி வந்ததும் டிவி தானாக வெளிச்சத்தைக் குறைக்கும். அப்போது கண்ணைக் கூச வேண்டிய கடற்கரை மங்கிய சாம்பலாகி, நிஜமாகவே பழுதான பிரதிபோலத் தெரியும். ஷார்ப்னஸை ஏற்றி வைத்திருந்தால் கறுப்பு உருவங்களைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். படத்தின் சட்டகத்தில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.37:1. அகலத் திரையை நிரப்ப ஜூம் செய்தால் உயரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும்; பெர்க்மன் சட்டகத்தின் ஓரங்களில் நிறுத்தும் ஆட்களுக்குத் தலையோ காலோ இருக்காது. படம் 93 நிமிடம் ஓட வேண்டும். உங்கள் பிரதி 89 நிமிடத்தில் முடிந்தால் எதையும் வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். விநாடிக்கு 24 சட்டகம் ஓட வேண்டியதை ஐரோப்பிய டிவிக்காக 25 ஆக்கியிருப்பார்கள். படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும், குரல்களும் இசையும் கொஞ்சம் உச்சத்தில் ஏறிக் கேட்கும். இது மட்டும் உண்மையான குறை. கிடைத்தால் வேறு பிரதி தேடுங்கள்.

ஒலியும் திட்டமிட்டதுதான். இசையமைப்பாளர் கார்ல்-பிர்கர் புளோம்டாலின் மேளத்தட்டும் காற்றுவாத்தியங்களும், பீரங்கி வெடிப்பும், கூட்டத்தின் சிரிப்பும் கேட்கின்றன. ஃப்ரோஸ்ட் மனைவி ஆல்மாவைக் கூப்பிடும் குரல் மட்டும் கேட்பதில்லை. அவமானப்படுகிறவனின் குரலை எடுத்துவிட்டு, சிரிக்கிறவர்களின் சத்தத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அவனுக்காக ஒரு குரலை உங்கள் மனம் தேடத் தொடங்கியதால்தான் ஒலியில் கோளாறோ என்று உங்களுக்குத் தோன்றியது.

இனி உங்கள் நண்பருக்கு. அந்தக் காட்சியில் நடப்பது இவ்வளவுதான். பீரங்கிப் பயிற்சிக்கு வந்த சிப்பாய்கள் முன்னால் ஆல்மா நிர்வாணமாகக் கடலில் குளிக்கிறாள். கோமாளி ஓடி வந்து தானும் ஆடை களைந்து தண்ணீரில் இறங்குகிறான். அதற்குள் இருவருடைய துணிகளையும் சிப்பாய்கள் ஒளித்துவைத்துவிடுகிறார்கள். கூர்ங்கற்கள்மேல் வெறுங்காலோடு அவளைச் சுமந்துகொண்டு, தன் உடம்பால் அவள் உடம்பை மறைத்தபடி, விழுந்து எழுந்து விழுந்து போகிறான். இதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது பொறாமைக் கதை. சர்க்கஸ் முதலாளி ஆல்பர்ட் பழைய மனைவி ஆக்டாவிடம் திரும்பிப் போகப் பார்க்கிறான். அவள் கடையை ஒழுங்காக நடத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள், அவன் வேண்டாம் என்கிறாள். அதே நாளில் அவன் காதலி ஆன், நாடக நடிகன் ஃப்ரான்ஸிடம் போய், விலையுயர்ந்தது என்று நம்பி ஒரு தாயத்துக்காகத் தன்னைக் கொடுக்கிறாள். அது எதற்கும் பெறாத பொருள். இரவு சர்க்கஸ் வளையத்தில் சண்டை, ஆல்பர்ட் அடிபட்டு விழுகிறான்.

கடற்கரை இருப்பதால் இது வேறு படமாகிறது. ஏழு வருடம் முன்பு வெயிலில் நடந்தது மறுபடியும் கூடாரத்துக்குள் நடக்கிறது. சிப்பாய்கள் உட்கார்ந்த பாறைகளின் இடத்தில் பார்வையாளர் பலகைகள், கூர்ங்கற்களின் இடத்தில் மரத்தூள், சிரிப்பு அதே சிரிப்பு. வேறுபாடு ஒன்றுதான், ஆனால் அது பெரிது. ஃப்ரோஸ்ட் தன் மனைவியை மறைக்கப் பார்த்தான். ஆல்பர்ட் சவுக்கால் ஃப்ரான்ஸின் தொப்பியைத் தட்டிவிட்டு, அவமானத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறான். எதிராளி அவனைவிட இளையவன், வேகமானவன். ஒரே ஊரில் ஒரே நாளில் நடக்கும் சம்பவங்களுக்கு அந்தச் சில நிமிடக் காட்சிதான் எடை கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்த இரவில் கூட்டம் சிரிக்கும்போது நாம் எதையும் நினைத்துக்கொள்ள மாட்டோம்.

கரடிக்கு வருகிறேன். இ. ஏ. டூபாண்டின் 'வரியெடே' (1925) என்ற ஜெர்மன் மௌனப் படத்தைப் பெர்க்மன் தன் முன்மாதிரியாகச் சொல்லியிருக்கிறார். அதில் எமில் யான்னிங்ஸ் நடித்த சர்க்கஸ் கலைஞன் தன் போட்டியாளனைக் கொன்றே விடுகிறான். பெர்க்மன் அந்த வழியை அடைத்துவிட்டார். ஆல்பர்ட் தோற்று, வண்டிக்குள் தாழிட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் தன் தலையில் வைக்கிறான். அது வெடிக்கவில்லை. அடுத்து கண்ணாடியில் தெரியும் தன் முகத்தைச் சுடுகிறான். அப்போது வெடிக்கிறது. அதன் பிறகுதான் கரடி. அது திருப்பி அடிக்க முடியாத, கூண்டுக்குள் நோயோடு கிடக்கும் மிருகம். அது யாருடையது? ஆல்மாவுடையது. கடற்கரையில் சிரிப்புக்கு ஆளான அதே பெண்ணிடமிருந்து அவளுக்கு மிச்சமிருந்த ஒரு துணையையும் அவன் பறிக்கிறான். பகலில் குடித்துக்கொண்டிருக்கும்போதே கரடியைச் சுடும் பேச்சு வந்துவிடுகிறது, அந்த இடத்தைத் திரும்பப் பாருங்கள். அவன் செய்வதில் நியாயம் எதுவும் இல்லை. நியாயம் இருப்பதாகப் படமும் காட்டவில்லை.

கடைசியில் வண்டிகள் கிளம்பும்போது ஃப்ரோஸ்ட் ஆல்பர்ட்டோடு நடந்தபடி தன் கனவைச் சொல்கிறான். ஆல்மா வந்து, நீ களைத்திருக்கிறாய், என் வயிற்றுக்குள் படுத்துக்கொள் என்கிறாள். அவன் சிறுத்துச் சிறுத்து ஒரு விதையளவாகி, பிறகு அதுவும் இல்லாமல் போகிறான். கடற்கரையில் அவளைச் சுமந்தவனை இங்கே அவள் சுமக்கிறாள். சொல்லி முடித்ததும் வண்டியிலிருந்து நிஜமான ஆல்மா கூப்பிடுகிறாள், அவன் போய்விடுகிறான். இந்தமுறை கூப்பிடும் குரல் நமக்கும் கேட்கிறது. ஆல்பர்ட் தனியே நிற்கிறான். சற்றுத் தள்ளி ஆன் நிற்கிறாள். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் வண்டிகளோடு நடக்கத் தொடங்குகிறார்கள்.