முக்குவது எதற்கு என்று பாருங்கள்

பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, அதனால் மலச்சிக்கல் என்று நீங்களே முடிவு கட்டி விளக்கெண்ணெயும் புகட்டிவிட்டீர்கள். மூக்கு காய்ந்திருப்பது, புல் தின்பது, முடி உதிர்வது எல்லாம் உங்கள் கடிதத்தில் விவரமாக வந்தபின், நேற்று இரவிலிருந்து மணலில் மூத்திரம் பட்ட ஓர் ஈரக்கட்டிகூட இல்லை என்பது கடைசி வரியில்தான் வருகிறது. நான்கு வயதுக் கடுவன் பூனை வேறு. இந்தப் பதில் வெளியாகும்வரை பொறுக்கிற விஷயம் இல்லை என்றுதான் அன்றைக்கே போன் செய்து, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

அது மலச்சிக்கல் இல்லை, மூத்திர அடைப்பு. கடுவன் பூனையின் மூத்திரக் குழாய் நுனிக்குப் போகப் போகக் குறுகிவிடும். சளி போன்ற கசடும் பொடி மணலாகப் படிந்த உப்பும் சேர்ந்து அங்கே தக்கையாக அடைத்துக்கொள்ளும். பெட்டைக்குக் குழாய் அகலம் என்பதால் இது அபூர்வம். அடைத்தபின் பூனை அடிக்கடி குந்தும், அடித்தொண்டையில் கத்தும், பின்பக்கத்தை விடாமல் நக்கும். அடிவயிற்றில் விரலை லேசாக வைத்தால் எலுமிச்சம்பழம் போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதுதான் நிரம்பி நிற்கும் மூத்திரப் பை. அமுக்கி எடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், பை கிழிந்துவிடும்.

வெளியேற வழியில்லாத கழிவு ரத்தத்திலேயே தங்கும். பொட்டாசியம் ஏறும், ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். உங்கள் பூனை எடுத்த வாந்தி புல்லால் வந்ததல்ல, இதனால் வந்தது. முழு அடைப்பை அப்படியே விட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். விடியட்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்பதெல்லாம் இதற்குச் சரிவராது. மயக்க மருந்து கொடுத்து, கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கி, டிரிப் ஏற்றுவோம். பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், நேரத்துக்கு வந்தால்.

வலிக்குப் பாராசிட்டமால் கால் மாத்திரை தரலாமா என்று ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கொடுப்பதற்கு முன் கேட்டீர்களே, அதுவரை நல்லது. நம் கல்லீரல் அந்த மருந்தைச் சிதைக்கிற விதத்தில் பூனையின் கல்லீரலால் சிதைக்க முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். கால் மாத்திரையும் விஷம்தான். குழந்தைக்குக் கொடுக்கிற சிரப் என்றாலும் இதே கதைதான்.

மூக்கு காய்வதும் ஈரமாவதும் ஒரே நாளில் பத்து முறை நடக்கும், விடுங்கள். புல் தின்பது பூனையின் இயல்பு. மகள் கர்ப்பமாக இருப்பதால் பூனையை எங்காவது விட்டுவிடச் சொல்கிறார்களாம் சம்பந்தி வீட்டார். அவர்கள் பயப்படுவது கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கு. அது பூனையின் முடியில் இல்லை, மலத்தில்தான் வரும். அதுவும் வெளியே வந்து ஒரு நாளாவது ஆனபிறகுதான் தொற்றும். மகளைத் தட்டில் கை வைக்க விடாமல் வேறு யாராவது தினமும் சுத்தம் செய்தால் போதும். சரியாக வேகாத கறியை அவர் சாப்பிடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.

பூனை வீடு திரும்பிவிட்டது என்று தகவல் அனுப்பியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் இந்த அடைப்பு திரும்ப வரக்கூடியது, முதல் சில வாரங்களில் அதிகம். காய்ந்த தீனியைக் குறைத்து ஈரத் தீனி கொடுங்கள், தண்ணீரை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். தினமும் காலையில் மணலைக் கிளறி ஈரக்கட்டிகளை எண்ணுங்கள். ஒன்றும் இல்லாமல் பூனை மறுபடி குந்த ஆரம்பித்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.