நான்காவது ஏரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் கணவரும் நானும் ஏழு வயது மகனும் சுவிட்சர்லாந்தின் மலையூரான செர்மாட் போய் ஐந்து ஏரிப் பாதையில் நடந்தோம். பெர்னிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பினோம். பிளௌஹெர்டில் நடக்கத் தொடங்கியபோது மேட்டர்ஹார்ன் சிகரம் மேகத்துக்குள் இருந்தது. மாலைவரை வெளியே வரவே இல்லை. ஸ்டெல்லி ஏரியில் மலையின் பிம்பத்தைப் படமெடுக்க ஒன்றரை மணி நேரம் காத்திருந்து ஏமாந்தோம். நான்காவதான மோஸ்ஜி ஏரி சிமெண்டு கரைத்த தண்ணீர்போலக் கிடந்தது. மகன் மட்டும் அங்கிருந்து நகராமல் "ஏன் பால் மாதிரி இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் இழுத்துக்கொண்டு வந்தோம். பணமும் ஒரு நாளும் வீண். அக்டோபரில் போனால் மலை தெரியுமா? எந்த ஏரியில் எத்தனை மணிக்கு நிற்பது நல்லது?

ம., பெர்ன்

அன்புள்ள ம.,

அவ்வளவு தூரம் போய் மலையைக் காணாமல் திரும்புவது வருத்தம்தான். விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன் ஸ்டெல்லி ஏரிக்கரையில் நில்லுங்கள். மேட்டர்ஹார்னின் பிம்பம் விழுவது ஐந்தில் மூன்று ஏரிகளில்தான்: ஸ்டெல்லி, கிரிண்ட்ஜி, லை. அக்டோபரில் ஊசியிலை லார்ச் மரங்கள் பொன்னிறமாகியிருக்கும். மேகத்துக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. பணக்கணக்கை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

உங்கள் மகன் கேட்டானே, அதற்கு என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தில் இல்லை. சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். வராத பிம்பத்துக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்த உங்களுக்கு, கண்முன் கிடந்த ஏரியைப் பார்க்க ஐந்து நிமிடம் இல்லாமல் போயிற்று. எனக்குக் கோபம் வருகிறது. அன்று உங்கள் மூவரில் ஏரி பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

சிமெண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். சிமெண்டும் அரைத்த கல்தானே? மோஸ்ஜி ஏரி ஒரு நீர்த்தேக்கம். அதற்கு வருவது பனியாறு, அதாவது மலைச்சரிவில் இறுகிக் கிடக்கும் பெரும் பனிக்கட்டித் திரள், உருகிய நீர். பனியாறு சும்மா கிடப்பதில்லை. தன் எடையாலேயே மெல்ல நகர்கிறது. அடியில் சிக்கிய கற்கள் படுகைப் பாறையைத் திருகைபோல அரைக்கின்றன. அந்தக் கல்மாவு மிக நுண்ணியது. எளிதில் அடியில் தங்காது. நீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்ள, மிதக்கும் மாவு மிஞ்சிய நீலத்தையும் பச்சையையும் சிதறடிக்கிறது. வெயிலில் பார்த்தால் பால் கலந்த நீலப்பச்சை. நீங்கள் போன நாளில் மேகமூட்டம், அதனால் சாம்பல். மலை தெரியவில்லை என்று நீங்கள் வருந்திக்கொண்டிருந்தபோது, மலையே கரைந்து உங்கள் காலடியில் கிடந்தது.

இரண்டாவது ஏரியிலிருந்து மூன்றாவதற்குப் போகும் வழியில், கூரைமுகடுபோல நீண்டு கிடக்கும் பெரிய கற்குவியலைப் பார்த்திருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபிண்டெல் பனியாறு அந்த உயரம்வரை நிறைந்திருந்தது. இன்று வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் கனஅளவில் பத்து சதவிகிதத்தை இழந்தன. பனியாறு முற்றிலும் மறைந்த பள்ளத்தாக்குகளில் ஏரிகள் மெல்லத் தெளிந்துவிடும். அப்போது நீங்கள் விரும்புவதுபோல அழகான பிம்பங்கள் கிடைக்கலாம். "ஏன் பால் மாதிரி இருக்கிறது?" என்று கேட்க எந்தக் குழந்தைக்கும் காரணம் இருக்காது.

2017 செப்டம்பரில் அம்மாவோடு அதே பாதையில் நடந்தேன். அம்மாவுக்கு அப்போது வயது அறுபத்தாறு, வலது முழங்காலில் வலி. அங்கே மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் கிலோமீட்டருக்குப் பதில் நடைநேரம்தான் எழுதியிருக்கும். இரண்டரை மணி நேரத்தில் முடிக்கும் வழி எங்களுக்கு ஆறு மணி நேரம் ஆயிற்று. அன்றும் மேகம். முதல் மூன்று ஏரிகளிலும் அம்மா ஒன்றும் பேசவில்லை. மோஸ்ஜி ஏரியைக் கண்டதும் நின்றுவிட்டார். "அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கிறதே" என்றார். ஐம்பது ஆண்டுகளாகத் தினமும் காலையில் பார்த்த நிறம். குனிய முடியாமல் குனிந்து, கையில் அள்ளி, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு குடிநீர் பாட்டிலைக் காலிசெய்து, அதில் அந்த நீரை நிரப்பினார். எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

விடுதி ஜன்னலில் அந்தப் பாட்டில் இருந்தது. மூன்றாம் நாள் அடியில் சாம்பல்நிறத்தில் ஓர் ஏடு படிந்திருந்தது. மேலே நீர் அப்போதும் வெளுத்தே இருந்தது. பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். இன்றும் சமையலறை அலமாரியில், புளி ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வந்தால் எடுத்துக் குலுக்கிக் காட்டுவார். குலுக்கியதும் பாலாகிவிடும்.

அக்டோபர் என்று கேட்டீர்கள். வேண்டாம், அடுத்த ஆகஸ்டில் போங்கள். கோடையில்தான் பனி மிகுதியாக உருகும், மாவும் மிகுதியாக வரும். மாலை ரயிலைக் கணக்கில் வைக்காமல் ஓர் இரவு தங்குங்கள். காலிப் பாட்டில் ஒன்றை அவன் பையில் வைத்துவிடுங்கள்.