கவுண்டருக்கு இந்தப் பக்கம்: ஆறு இலக்கமும் அதற்கு மேலே உள்ள வரியும்

(வங்கியில் 31 வருடம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒன்லைன் மோசடி பற்றியவை. எனவே காசோலை, நிலையான வைப்புக் கேள்விகள் அடுத்த இதழுக்கு.)

தபாலில் பார்சல் வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, லிங்க்கை அமத்தி 85 ரூபா கட்டுங்கள் என்று குறுஞ்செய்தி வந்தது. அமத்திவிட்டேன். பக்கம் திறந்ததும் பயந்து மூடிவிட்டேன். கணக்கில் உள்ள காசு போய்விடுமா? - வெள்ளவத்தை வாசகி

எதையும் நிரப்பவில்லை, எந்தச் செயலியையும் இறக்கவில்லை என்றால் பயப்படாதீர்கள் அம்மா. திறந்த பக்கத்தில் நாம் என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்பதில்தான் காசு போகிறது. இந்தத் தபால் செய்தி பற்றி அஞ்சல் திணைக்களமே பலமுறை எச்சரித்துவிட்டது. இருந்தும் வந்துகொண்டே இருக்கிறது, ஏனென்றால் யாராவது ஒருவர் நிரப்புகிறார்.

அந்த ஒருவர் போன கார்த்திகையில் நான்தான். ரொறன்ரோவில் இருக்கும் மகள் என் முட்டுவலிக்கென்று ஒரு சோடி சப்பாத்து உண்மையாகவே அனுப்பியிருந்தாள். பத்து நாளாகக் காத்திருந்தேன். செய்தி வந்த நேரம் அடுப்பில் சொதி. கொதித்துத் திரைந்துவிடும் என்று ஒரு கண் சட்டியில், மற்றக் கண் போனில். கார்ட் இலக்கம், காலாவதித் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் போட்டேன். ஓடிபி, அதாவது கொடுப்பனவை உறுதிப்படுத்த வங்கி போனுக்கு அனுப்பும் ஒருமுறை இலக்கம், வந்தது, அதையும் போட்டேன்.

பிறகு அந்த ஓடிபி செய்தியைத் திறந்து பார்த்தேன். வங்கி பொய் சொல்லவில்லை. கேள்விப்பட்டிராத ஒரு வெளிநாட்டுக் கடையின் பெயர், 129 அமெரிக்க டொலர், அதற்குக் கீழேதான் ஆறு இலக்கம். திரையின் மேலே எட்டிப் பார்க்கும் துண்டில் என் கண் அந்த ஆறு இலக்கத்தை மட்டும் பொறுக்கியிருக்கிறது. 85 ரூபா கட்ட வந்தவள் 129 டொலருக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன்.

அதைவிட மோசம் அடுத்த ஒன்றரை மணித்தியாலம். 'உங்கள் இரகசிய இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்' என்று கிளைச் சுவரில் மூன்று மொழியிலும் ஒட்டியவள் நான். எப்படி வாய் திறப்பது? கணவரிடமும் சொல்லவில்லை, வங்கிக்கும் எடுக்கவில்லை. அதற்குள் இன்னும் 60 டொலர் போனது, இந்தமுறை ஓடிபியே இல்லாமல். வெளிநாட்டில் சில கடைகள் ஓடிபி கேட்பதில்லை. கார்ட் இலக்கமும் காலாவதித் திகதியும் பின்பக்கத்து மூன்று இலக்கமும் கையில் இருந்தால் போதும். உடனே கார்ட்டை நிறுத்தியிருந்தால் அந்த 60 தப்பியிருக்கும். சப்பாத்து நான்கு நாள் கழித்துத் தபால்காரர் கையில் வந்தது, அளவும் சரி.

வங்கி வழக்கமாக அனுப்பும் செய்திகளுக்குக் கீழேயே, அதே பெயரில், 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்று வந்திருக்கிறது. அப்படியென்றால் அது வங்கியுடையதுதானே? - கொட்டாஞ்சேனை வாசகர்

இல்லை. குறுஞ்செய்தியின் தலையில் நிற்கும் பெயர் கடித உறையின் பின்னால் எழுதும் அனுப்புநர் முகவரி மாதிரி, யாரும் எதையும் எழுதலாம். பெயர் ஒன்றாக இருந்தால் போன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கிவிடும், யார் அனுப்பினார் என்று அது விசாரிப்பதில்லை. கார்ட்டின் பின்னால் அச்சடித்திருக்கும் இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள். செய்தியில் இருக்கும் இலக்கத்துக்கு எடுக்கவேண்டாம், அங்கே பேசுபவர் மிக மரியாதையாகப் பேசுவார்.

இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம் இருந்தால் பயமில்லை என்கிறான் மகன். சரியா? - தெஹிவளை வாசகி

பாதி சரி. உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் விடயத்தை இன்னொருவர் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவர் யார் என்று அது சொல்லாது. கள்ளன் வீட்டுக் கதவிலும் பூட்டு இருக்கும்தானே?

முகவரியைப் பின்னாலிருந்து வாசிக்கப் பழகச் சொல்லுங்கள். 'எச்டிடிபிஎஸ்' பகுதியை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன நிற்கிறது என்று பார்க்கவேண்டும். அஞ்சல் திணைக்களம் என்றால் அது 'ஜிஓவி டொட் எல்கே' என்று முடியும். எனக்கு வந்ததில் தபாலின் பெயர் முன்னால் அழகாக இருந்தது, கடைசியில் 'டொட் டொப்'. முன்பகுதியில் எந்தப் பெயரையும் யாரும் ஒட்டலாம். அதைவிட நல்லது, வங்கி அலுவலுக்கு லிங்க் வழியாகப் போகாமல் வங்கியின் செயலியை நாமே திறப்பது.

முன்பெல்லாம் எழுத்துப்பிழை காட்டிக்கொடுக்கும். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கில் கைவைத்தவர்கள் இலங்கைக்கு மட்டும் 2 கோடி டொலர் அனுப்பப் பார்த்தார்கள். பெறுநர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைப் பிழையாக எழுதியதால் இடையில் இருந்த வங்கி சந்தேகப்பட்டுக் கேட்க, அந்தக் காசு நின்றது. பிலிப்பைன்ஸுக்குப் போன 8 கோடியே 10 இலட்சம் நிற்கவில்லை. இப்போது வரும் போலிச் செய்திகளின் தமிழ், சில வங்கிகள் அனுப்பும் தமிழைவிட நன்றாக இருக்கிறது. எனவே பிழையை நம்பி இருக்கவேண்டாம்.

பழைய குளிர்சாதனப் பெட்டியை விற்க ஒன்லைனில் விளம்பரம் போட்டேன். வாங்குகிறவர் ஒரு கியூஆர் அனுப்பி, 'ஸ்கேன் பண்ணுங்கள், காசு உங்களுக்கு வரும்' என்கிறார். - மட்டக்குளி வாசகர்

ஸ்கேன் பண்ணினால் காசு போகும் தம்பி, வராது. காசு வருவதற்கு உங்கள் கணக்கு இலக்கமும் பெயரும் போதும், ஓடிபியும் இரகசிய இலக்கமும் தேவையில்லை. பெட்டியை வேறு ஆளுக்கு விற்றுவிடுங்கள்.

வங்கியிலிருந்து என்று ஒருவர் அழைத்தார். என் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சொன்னார். ஓடிபி கேட்டார், கொடுத்துவிட்டேன். 2 இலட்சம் போய்விட்டது. 'நீங்கள்தானே கொடுத்தீர்கள்' என்கிறது வங்கி. இனி எங்கே போவது? - பம்பலப்பிட்டி வாசகர்

ஐயா, அந்த அடையாள அட்டைப் பிரதியை நாம் எத்தனை கந்தோரில் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த இலக்கம் தெரிந்திருப்பதால் ஒருவர் வங்கி ஆள் ஆகிவிடமாட்டார்.

எங்கள் காலத்தில் காசோலை என்றால் நிறுத்துவதற்கு ஒரு இரவாவது இருந்தது. வங்கிக்கு வங்கி உடனே காசு அனுப்ப 2015 இல் வந்த செஃப்ட்ஸ் முறையில் காசு நொடிகளில் அடுத்த வங்கிக்குப் போய்விடுகிறது. அங்கே காத்திருப்பவர் அதை உடனே இயந்திரத்தில் எடுத்துவிடுவார், அல்லது இன்னொரு கணக்குக்குத் தள்ளிவிடுவார். அதனால்தான் முதல் அழைப்பு வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்குப் போகவேண்டும் என்கிறேன். போய்ச் சேர்ந்த கணக்கில் ஏதாவது மிஞ்சியிருந்தால் முடக்கப் பார்ப்பார்கள். கடவுச்சொல் மாற்றுவதெல்லாம் அப்புறம்.

நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பெற்றதற்கு அத்தாட்சி வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது எங்கும் நிற்காது, அந்தப் பக்கம் இருந்தவள் சொல்கிறேன். அழைப்பு வந்த இலக்கம், நேரம், செய்திகள் ஒன்றையும் அழிக்கவேண்டாம். பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு எடுங்கள். வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதித்துறை ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார், ஆனால் அங்கேயும் முதலில் வங்கிக்கு எழுதினீர்களா என்றுதான் கேட்பார்கள். பொலிஸிலும் போடுங்கள், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. போலித் தளம், போலிச் செய்தி பற்றி இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 இலக்கத்துக்குச் சொல்லலாம்.

காசு திரும்புமா என்று கேட்டால், ஓடிபியை நாமே கொடுத்த இடத்தில் கடினம். எனக்கு அந்த 60 டொலர் இரண்டு மாதம் கழித்துத் திரும்பியது. 129 திரும்பவில்லை.

வளாகத்தில் படிக்கிறேன். நண்பனின் நண்பன் ஒருவர், 'உன் கணக்குக்குக் கொஞ்சம் காசு வரும், எடுத்துத் தந்தால் நூற்றுக்குப் பத்து உனக்கு' என்கிறார். செய்யலாமா? - கிருலப்பனை வாசகர்

மேலே பம்பலப்பிட்டி ஐயாவின் 2 இலட்சம் போய் விழுந்தது இப்படி ஒரு கணக்கில்தான் இருக்கும். பொலிஸ் தேடி வரும்போது பாஸ்புக்கில் இருக்கும் பெயர் உங்களுடையது, நண்பனின் நண்பன் போனை நிறுத்தி வைத்திருப்பார். உங்கள் வங்கிக் கார்ட்டை ஏற்கெனவே அவரிடம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு இப்போதே வங்கிக்கு எடுங்கள்.